ஒகிசா செய்யாத சத்தியம்

படத்தில் ஒகிசா வெறுங்காலோடு பனியில் நடந்துபோகிறாள். முதுகில் அப்பா. ஒரு கையில் மண் உதிராத மூங்கில் குருத்து இரண்டு. பின்னால் மூங்கில் தோப்பு பனியின் பாரம் தாங்காமல் தலை கவிழ்ந்து நிற்கிறது. அதற்கும் பின்னால் வானம், உச்சியில் அடர்நீலமாகத் தொடங்கி, கீழே வர வர வெறும் காகிதமாகக் கரைந்துபோகிறது.

"செருப்பை எங்கடி தொலைச்சே?" என்று கிணற்றடியில் ஒதோகு கேட்பாள். ஒதோகு பக்கத்து வீட்டுக்காரி, டோஃபு விற்பவனின் மனைவி. "அத்தனை பனியில வெறுங்காலோட நடந்தவளுக்குப் பத்து விரலும் அப்படியே இருக்கே."

"விரலை விடுங்க அக்கா. அப்பாவைப் பிடிச்சுக்க ரெண்டு கை வேணும். மூங்கிலைப் பிடிச்சிருக்கிற மூணாவது கை யாருதாம்?"

"அது கன்னோன் சாமி கை. அவளுக்குத்தான் ஆயிரம் இருக்கே, ஒண்ணைக் கடன் குடுத்திருப்பா."

உண்மையில் அன்று பனியே இல்லை. செர்ரி பூத்திருந்த காலம். வெயில் முதுகில் இதமாக அடித்தது. நான்கு சுவரையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அப்பா, ஆற்றங்கரைப் பூவைப் பார்க்க வேண்டும் என்றார். ஒகிசா அவரை முதுகில் கட்டிக்கொண்டு, நல்ல வைக்கோல் செருப்பு போட்டுக்கொண்டு, பாலம் தாண்டிச் சுமிதா ஆற்றின் அக்கரைக்குப் போனாள். அப்பா மரத்தடியில் உட்கார்ந்து மூன்று குச்சி மாவுருண்டை தின்றார். பூவை அதிகம் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார். திரும்பி வரும்போது அவள் காது அருகிலேயே தூங்கிவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் பெற்றவர்களைப் போற்றும் பிள்ளைகளின் படம் என்றால் பனி வேண்டும். பழைய கதையில் ஒரு மகன் பனிக்காலத்தில் தாய்க்காக மூங்கில் குருத்து தேடி அழுதானாம், பூமி பிளந்து குருத்து வந்ததாம். அதனால் படம் வரைந்தவர் வசந்தத்தைத் தூக்கிவிட்டுப் பனியைப் போட்டார். அதில் ஒகிசாவுக்கு வருத்தம் இல்லை. படம் அழகாகவே இருந்தது. முகம் அவள் முகம் இல்லை, அவளைவிட நல்ல முகம்.

வினை வேறு இடத்தில் இருந்தது. படத்தின் மேல்பகுதியில் கட்டம் கட்டி ஏழு வரி எழுதியிருந்தார்கள். மேலிருந்து கீழாக இறங்கி, வலமிருந்து இடமாக நகரும் ஏழு வரி. முதல் வரியில் தெருவும் பெயரும். கடைசி வரி, இடது ஓரத்தில் இருப்பது, இப்படிச் சொன்னது: தந்தை உயிரோடு இருக்கும்வரை மணம் செய்வதில்லை என்று கன்னோன் சன்னதியில் அவள் சத்தியம் செய்தாள்.

ஒகிசா அப்படி ஒரு சத்தியமும் செய்யவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. எடோ நகரத்தின் ஃபுகாகவாவில் பிறந்து ஃபுகாகவாவிலேயே வளர்ந்தவள். பதினொரு வயதில் அம்மா அம்மை கண்டு போய்விட்டாள். அப்பா ஜின்பாச்சி சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசுகிற தொழிலாளி. சாமான்யப் பூச்சுக்காரர் இல்லை, பண்டகசாலைச் சுவரில் அவர் கரணை ஓட்டினால் முகம் பார்க்கலாம் என்பார்கள். ஒகிசாவின் இருபதாவது வயதில் அப்படி ஒரு பண்டகசாலையின் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அத்தோடு உணர்ச்சி போயிற்று.

அதற்குப் பிறகு வீட்டை ஓட்டியது ஒகிசாவின் கை. ஊரார் கிமோனோக்களைத் தையல் பிரித்து, துவைத்து, கடற்பாசிக் கஞ்சி போட்டு, நீளப் பலகையில் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காயவைத்து, மறுபடி தைத்துக் கொடுப்பாள். குளிர்காலத்தில் விரல் கணுக்கள் வெடித்து, வெள்ளைத்துணி வந்தால் ரத்தம் படாமல் இருக்க விரலில் காகிதம் சுற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அவர்கள் குடியிருந்த வரிசைவீட்டைப் பார்த்துக்கொண்ட ரிஹெய் என்ற கிழவருக்கு இதில் ஒரு பெருமை. தன் வீட்டில் குடியிருக்கிறவர்கள் தன் பிள்ளைகள் என்று பேசுகிற மனிதர். அவர்தான் அவளுக்குப் பரிசு கேட்டு நகர அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதினார். அவளைக் கூப்பிட்டனுப்பி, அதிகாரியின் முற்றத்து மணலில் மண்டியிட வைத்து, நற்சான்று படித்து, வெள்ளி கொடுத்தார்கள். மறுமாதமே பதிப்பாளர் கன்பெய் படமாகப் போட்டுவிட்டார். பெண் பிள்ளை வைத்திருந்த வீடெல்லாம் வாங்கிற்று.

ஒகிசாவுக்கு எழுத்து அதிகம் தெரியாது. ஒதோகுதான் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். கடைசி வரியைக் கேட்டதும் ஒகிசா ரிஹெயிடம் போனாள்.

"எழுதறவங்க நாலு வார்த்தை அலங்காரமாச் சேர்க்கத்தான் செய்வாங்க. சோத்துக்கு ஊறுகாய் மாதிரி," என்றார் அவர். "உனக்கு இப்ப யாரு மாப்பிள்ளை கையில வெச்சிருக்கா?"

யாரும் இல்லை. அவளும் விட்டுவிட்டாள். அப்போது விட்டதுதான் அவள் செய்த தப்பு என்றால் தப்பு.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் இசோஜி வந்தான். தொட்டிகளுக்கு மூங்கில் வளையம் பூட்டுகிற தொழில். தோளில் மூங்கில் கட்டோடு தெருத் தெருவாக வருவான். ஒகிசாவின் சலவைத்தொட்டி வளையம் அறுந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதுக்கு வளையம் போடறதைவிட உனக்குப் புதுத் தொட்டி செஞ்சு தரலாம்," என்றான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்து.

"புதுசு வேணாம். இது எங்கம்மா தொட்டி."

"அப்ப சரி. அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி பார்க்கணும்."

வளையம் பூட்டி முடித்த பிறகும் அவன் போகவில்லை. உள்ளே அப்பா கூப்பிடும் குரல் கேட்டது. அவள் ஈரக் கையைத் துடைக்கும் முன் அவன் உள்ளே போய், "எங்க தூக்கணும், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான். முப்பது வயது. ஒரு பக்கப் பல் கொஞ்சம் தூக்கல். சிரித்தால் கையால் மறைத்துக்கொள்வான்.

மூன்று மாதத்தில் பதினொரு முறை வந்தான். ஒரே தொட்டிக்கு அத்தனை வளையம் எந்த ஊரிலும் கிடையாது என்று ஒதோகு கேலி செய்தாள். கடைசியில், பலகையிலிருந்து காய்ந்த துணியை உரித்துக்கொண்டிருந்த ஒகிசாவிடம், துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நான் ரெண்டாவது பிள்ளைதான். உங்க வீட்டுக்கே மாப்பிள்ளையா வந்துடறேன். உங்கப்பாவை நீ விடவும் வேணாம், நான் பிரிக்கவும் வேணாம்."

ஒகிசா துணியை உரித்து முடித்து, மடித்து, மடிப்பைக் கையால் நீவி, அப்புறம்தான் தலையாட்டினாள். முடங்கிக் கிடக்கும் தகப்பன் உள்ள வீட்டுக்குக் கால் வைத்து வருகிறேன் என்று இனி இன்னொருவன் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

இசோஜியின் அம்மா ஹொன்ஜோவில் அவனோடு இருந்தாள். மெலிந்த, சுறுசுறுப்பான மனுஷி. பார்க்கப் போன ஒகிசாவுக்குத் தேநீர் கொடுத்தாள், ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள்.

"உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எடோ பூராவும் படிக்குது. சாமிக்குச் சத்தியம் பண்ணினவ வீட்டுக்கு என் பிள்ளையை அனுப்பிட்டு, நாளைக்கு அவன் ஒரு காய்ச்சல்ல போனா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"நான் பண்ணவே இல்லம்மா."

"அப்படின்னா அதை எடுக்கச் சொல்லு. புதுவருஷத்துக்கு மறுபடி அச்சடிக்கிறாங்களாமே. அதுல அந்த வரி இல்லேன்னா, நானே வந்து உங்கப்பா முன்னாடி தலைகுனிஞ்சு பேசறேன். இருந்தா, இருபத்தெட்டாம் தேதி நாங்க கியோதோகுவுக்குப் போறோம். பெரியவனோட மச்சினி அங்க இருக்கா, இவனுக்குக் கட்டி வெச்சுடுவேன்."

அன்று பன்னிரண்டாம் மாதம் பதினேழு. பதினோரு நாள் இருந்தது.

மறுநாளே ஒகிசா பாலம் தாண்டிக் கன்பெயின் கடைக்குப் போனாள். கடை முகப்பில் புதுவருஷப் படங்கள் மூங்கில் கவ்வியில் தொங்கின. கன்பெய் அவளைக் கண்டதும் எழுந்து வந்து வரவேற்றார். தொந்தி, நல்ல குரல், தொழில் தெரிந்த மரியாதை.

அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பொண்ணு, அந்த வரியில்தான் படமே நிக்குது. பனி யார் வேணா வரைவான். அம்மாமாருங்க அந்த வரியைத்தான் மகளுக்குப் படிச்சுக் காட்டறாங்க."

"பொய்யா இருந்தாலுமா?"

"பொய்யின்னு நீ சொல்றே. நான் இட்டுக்கட்டினேன்னு நினைக்காதே. அதிகாரிக்குப் போன விண்ணப்பத்துல இருந்ததை வார்த்தை மாறாம எடுத்தேன். அச்சுக்கு முன்னாடி படத்தைப் பார்க்கிற பரிசோதகர் முத்திரை போட்டாச்சு. இனிமே ஒரு எழுத்தை மாத்தினாலும் மறுபடி அவங்ககிட்ட போகணும். ஏன்னு கேப்பாங்க."

"விண்ணப்பத்துல எழுதினது ரிஹெய் தாத்தா."

"எழுதினது அவர். சொன்னது உங்கப்பா. அழுதுக்கிட்டே சொன்னாராம். ரிஹெயே எங்கிட்ட சொன்னார்." கன்பெய் அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார். "ஒண்ணு செய். உங்கப்பா ரிஹெய் முன்னாடி வந்து, நான் தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லட்டும். ரிஹெய் எழுதிக் குடுக்கட்டும். நான் மாத்தறேன். படம் அச்சடிக்கிற மரப்பலகை இப்ப செதுக்குற குமெசோகிட்டதான் இருக்கு, தேஞ்ச கோட்டைச் சரிபண்ண. இருபத்திரண்டாம் தேதி அச்சுக்குப் போயிடும்."

திரும்பி வரும் வழியில் பாலத்தின் நடுவில் ஓரமாக ஒதுங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே காய்கறிப் படகுகள் முள்ளங்கியை மலையாகக் குவித்துக்கொண்டு போயின. யாரோ ஒரு படகுக்காரன் அவளைப் பார்த்து, "குதிக்கிறதா இருந்தா அந்தப் பக்கம் குதிம்மா, இந்தப் பக்கம் நான் வரேன்," என்று கத்தினான். அவள் நகர்ந்து நடந்தாள்.

அப்பா கரிச்சட்டியில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒகிசா செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டாள்.

"நான் சத்தியம் பண்ணினேன்னு வீட்டுக்காரர்கிட்ட நீங்களா சொன்னீங்க?"

அவர் கரியைக் கிளறினார்.

"ஆமா."

"நான் எப்ப பண்ணினேன்?"

"பண்ணலை."

"அப்புறம்?"

"செருப்புவார் விக்கிறவன் உன்னைக் கேட்டு ரெண்டு தடவை வந்துட்டுப் போனானே. மூணாவது தடவை வந்திருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பே."

"ரெண்டு தடவையும் வேணாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னே. ரெண்டாவது தடவை மெதுவாச் சொன்னே."

ஒகிசா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகச் சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது.

"இசோஜி என்னைக் கூட்டிட்டுப் போகலையே அப்பா. இங்க வந்து இருக்கப் போறார். உங்களைத் தூக்க நாலு கை இருக்கும்."

"இன்னிக்கு இருக்கும். நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஆகும். இந்த ஒரு அறையில அசையாத ஒருத்தன் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டுன்னு தோணும். தப்பில்லை, எனக்கே தோணுது."

"நான் உங்களைத் தூக்கிட்டுப் போறேன். ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். தெரியாமச் சொல்லிட்டேன்னு."

"அதிகாரிகிட்ட பொய் சொன்னதுக்கு என்னன்னு தெரியுமா உனக்கு? ஐம்பது நாள் கைவிலங்கு. வீட்டுலயே உட்கார வெச்சுப் பூட்டி, மேல காகிதம் சுத்தி முத்திரை போட்டுட்டுப் போவாங்க. அஞ்சு நாளைக்கு ஒருதடவை முத்திரை கிழிஞ்சிருக்கான்னு வந்து பார்ப்பாங்க." அவர் இரண்டு கையையும் நீட்டினார். சுண்ணாம்பு தின்ற பழைய வெள்ளைத் தழும்புகள் உள்ளங்கை முழுவதும் இருந்தன. "எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ரெண்டுதான், ஒகிசா."

"எனக்கு என்ன மிச்சம் இருக்கு?"

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி மறுபடி கேட்டாள். இருபதாம் தேதி காலையில் சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டு, பாயில் நெற்றி படக் குனிந்து கேட்டாள். அவர் அழுதார். அழுதுகொண்டே தலையை இல்லை என்று ஆட்டினார். ஒகிசா எழுந்து, சலவைத் துணிகளை நனைத்தது நனைத்தபடி விட்டுவிட்டுக் குமெசோவின் பட்டறைக்குப் போனாள்.

பட்டறை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. குமெசோ ஜன்னலோரம் தாழ்ந்த மேசையில் குனிந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், புகையிலைக் கறை படிந்த விரல். அவர் முன்னால் படத்தின் மூலப்பலகை, மை ஊறிக் கறுத்த செர்ரிமரம். ஒகிசா தன் கதையைச் சொன்னபோது அவர் கையை நிறுத்தவில்லை. ஒரு மூங்கில் இலையின் ஓரத்தைக் கத்தி முனையால் கூர்மைப்படுத்திக்கொண்டே கேட்டார்.

"எடுக்கிறது பெரிய வேலை இல்ல. அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு, அதே அளவுல வேற துண்டு அடிச்சு இறக்கினா முடிஞ்சுது. அரை நாள் வேலை."

"அப்ப செஞ்சு குடுங்க ஐயா."

"செய்யலாம். கன்பெய் வாயால சொல்லணும். முத்திரை வாங்கின எழுத்தை நானா எடுத்தா, அப்புறம் எனக்கு எவன் பலகை குடுப்பான்? வீட்டுக்குப் போ."

"போக முடியாது ஐயா."

"அப்ப உட்காரு. உட்காரக் காசு இல்ல."

அந்த நேரம் முன்வாசலில் மரவியாபாரி வந்து நின்றான். அவன் கொண்டுவந்த செர்ரிப் பலகைகளில் வெடிப்பு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று குமெசோவின் மனைவி கூப்பிட்டாள். அவர் முனகிக்கொண்டே எழுந்து போனார்.

ஒகிசா பலகையைப் பார்த்தாள். அப்பாவின் தலை, தொங்கும் கால், பனிக் கோடுகள். தான் படத்தில் நடக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இதில் நடப்பதைக் கண்டாள். கண்டதைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. மேலே கட்டம், கட்டத்துக்குள் ஏழு வரி. கடைசி வரி இருக்கும் இடத்தை இருட்டிலும் காட்டுவாள். எத்தனை நாள் விரல் வைத்துத் தடவியிருக்கிறாள், இடது ஓரம்.

பக்கத்தில் கிடந்த உளியை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து மேலிருந்து கீழாகத் தள்ளினாள். மரம் அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எழுத்துகள் சில்லு சில்லாகப் பெயர்ந்தன. இரண்டாம் முறை தள்ளினாள், மூன்றாம் முறை தள்ளினாள். விரல்வெடிப்பு திறந்துகொண்டு ரத்தம் பலகையில் சொட்டியது. அதைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி தள்ளினாள். வரி இருந்த இடம் வெறும் பள்ளமாயிற்று.

குமெசோ உள்ளே வந்தபோது அவள் உளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ணினே?"

"அந்த வரியை எடுத்துட்டேன். விலங்கு போடணும்னா எனக்குப் போடட்டும்."

அவர் பலகையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"எந்த வரியை?"

"கடைசி வரி. இடது ஓரத்துல."

"காகிதத்துல அது இடது ஓரம்." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "பலகையில எல்லாம் திரும்பி இருக்கும்னு உனக்கு யாருமே சொன்னதில்லையா? காகிதத்தை மேல போட்டுத் தேய்க்கிறோம் புள்ள. இங்க வலம்னா அங்க இடம். நீ வெட்டினது முதல் வரி. ஃபுகாகவா, தெரு, பூச்சுவேலை ஜின்பாச்சி மகள் ஒகிசா. உன் பேரை நீயே வெட்டியிருக்கே."

"அப்ப அந்த வரி?"

அவர் நகத்தால் தொட்டுக் காட்டினார். "இதோ. வலது ஓரத்துல. ஒரு கீறல் இல்லாம சௌக்கியமா இருக்கு."

ஒகிசா உளியைத் தூக்கினாள். குமெசோ பலகைமேல் முழங்கையை ஊன்றிவிட்டார்.

"போதும்."

"ஐயா, உங்க கால்ல விழறேன். அதையும்..."

"ஒரு ஓரம் பெயர்ந்தா மரத்துல கணு, தெறிச்சுடுச்சுன்னு சொல்லித் தப்பிப்பேன். ரெண்டு ஓரத்துலயும் கணுன்னா எவன் நம்புவான்? பட்டறையில வெளி ஆளை விட்டேன், உளியைக் கைக்கெட்டற மாதிரி விட்டேன்னு தெரிஞ்சாலே என் பொழைப்பு முடிஞ்சுது. நீ இங்க வரவே இல்ல. நான் உன்னைப் பார்க்கவே இல்ல. எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, விரலில் ஒரு துணி சுற்றி, சந்து முனைவரை கொண்டுவந்து விட்டாள்.

கன்பெய் கத்தினாராம். ஆனால் அந்த வரியைத் திரும்பச் செதுக்க வேண்டுமானால் பழைய அச்சுத்தாள் ஒன்றைத் தேடி வெட்டி ஒட்டி எழுத்தெழுத்தாகச் செதுக்க வேண்டும், புதுவருஷம் கழுத்தில் வந்து நிற்கிறது. பள்ளம் விழுந்த இடத்தில் குமெசோ ஒரு துண்டு மரம் இறக்கி, பிளம் மரக்கிளை ஒன்றைச் செதுக்கினார். புதிதாக எழுத்து சேர்க்கவில்லையே, முத்திரைக்கு என்ன என்று கன்பெயும் விட்டுவிட்டார். இருபத்தாறாம் தேதி படம் கடைக்கு வந்தது. கிளைமேல் இருந்த பனியை மையே இல்லாமல் அழுத்தி எடுத்திருந்தார்கள், வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் மேடு தெரிந்தது. பெயர் போனதால் விற்பனை குறையவில்லை. எங்கள் தெருப் பெண்தான் என்று எல்லாத் தெருவும் சொல்லிக்கொண்டது.

இருபத்தேழாம் தேதி ஒகிசா ஒரு படம் வாங்கிக்கொண்டு ஹொன்ஜோ போனாள். வழியெல்லாம் புதுவருஷ மாவு இடிக்கிற சத்தம். இசோஜியின் வீட்டில் மூட்டை கட்டியிருந்தார்கள். அவன்தான் படத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"பேர் இல்லம்மா," என்றான். "தெருவும் இல்ல. யாரோ ஒரு பொண்ணு."

"கடைசி வரி?"

அவன் இடது ஓரத்தில் விரலை வைத்தான்.

"கடைசி வரி இருக்காடா?"

"இருக்கு."

அம்மா படத்தை வாங்கி மடியில் விரித்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது, பனியைத்தான் பார்த்தாள்.

"பேரில்லாத பொண்ணு பண்ணின சத்தியம் ஒகிசாவை எப்படிம்மா கட்டுப்படுத்தும்?" என்றான் இசோஜி.

"கடைக்காரனுக்குத்தான் பேர் எழுதிக் காட்டணும். கன்னோனுக்குமா?" படத்தை அவள் சுருக்கம் விழாமல் சுருட்டி ஒகிசாவின் கையில் கொடுத்தாள். "நீ நல்ல பொண்ணு. எனக்கு இவனைவிட்டா இன்னொரு தைரியம் இல்ல. என்னை மன்னிச்சுக்க."

இசோஜி தெருவரை கூட வந்தான். ஓட்டு விளிம்பில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க வந்துடுங்க," என்றாள் ஒகிசா. அப்படி யாரிடமும் அவள் கேட்டதில்லை. "அம்மா அண்ணன்கிட்ட போகட்டும். கொஞ்ச நாள் கோவமா இருப்பாங்க. அப்புறம் சரியாயிடும். நான் போய்ப் போய்க் கால்ல விழுந்து சரிபண்றேன்."

அவன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டான். சிரிக்கவில்லை.

"உங்கப்பாவை விட்டுட்டு வான்னு நான் சொன்னா, நீ வருவியா?"

அவள் சுருட்டிய படத்தைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"வரமாட்டே. வந்திருந்தா எனக்கு உன்னைப் பிடிச்சிருக்காது. அப்ப நான் மட்டும் எப்படி ஒகிசா?"

உள்ளேயிருந்து அம்மா கயிறு கேட்டுக் கூப்பிட்டாள். அவன் போனான்.

ஒகிசா வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அப்பா பாதி உடம்பைக் கையால் இழுத்துக் கதவருகே வந்து கிடந்தார். இழுத்த வேகத்தில் மேலங்கி அவிழ்ந்து பாயெல்லாம் கலைந்திருந்தது.

"போயிட்டியோன்னு நினைச்சேன்," என்றார்.

அவள் அவரைத் தூக்கிக் கரிச்சட்டிப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்து உட்காரவைத்தாள். அங்கியைக் கட்டிவிட்டாள். அவர் அவள் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"நாளைக்கு என்னைத் தூக்கிட்டுப் போ. ரிஹெய்கிட்ட சொல்லிடறேன். விலங்கு போட்டா போடட்டும். ஐம்பது நாள்தானே, நீ ஊட்டிவிடு."

"வேணாம்பா. படம் வந்தாச்சு."

"வந்தா என்ன? அவன் என்ன சொல்றான்?"

"அம்மா பேச்சை மீற மாட்டாராம்."

"நல்ல பிள்ளை," என்றார் அப்பா.

ஊரில் எல்லாப் பெரியவர்களும் சொல்கிற சொல், யோசிக்கும் முன்பே அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. உதட்டை மூடிக்கொண்டார்.

ஒகிசா சட்டிக்குக் குனிந்து சாம்பலை விலக்கி, அடியில் நெருப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு கங்கு கேட்டு வாங்கிவர இடுக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.